தொழுவில் நிற்கும் ஆர்எக்ஸ் 100: கிக்கரை மிதிக்கும் முன்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஊர் வீரவநல்லூர், வயது 27. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில், மாட்டுத்தொழுவை ஒட்டின சாய்ப்பில் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று பத்து வருடமாக நிற்கிறது. ஓட்டின வாத்தியார் காலமாகிவிட்டார். மகன் 65,000 ரூபாய் கேட்கிறார். ஆர்சி புக் இருக்கிறது. 2014-க்குப் பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்கிற ஆர்டிஓ சோதனை) காட்டவில்லை. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. 'டீசலை ஊற்றி நாலு மிதி மிதித்தால் விட்டுவிடும், ஒரு போர் போட்டால் ஓடும்' என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்; சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போடுவதைத்தான் போர் என்கிறார். பாளையங்கோட்டையில் ரெஸ்டோர் செய்தது என்று இன்னொரு ஆர்எக்ஸ் 100 1,40,000-க்கு நிற்கிறது. என் கையில் மொத்தம் 1,30,000தான் இருக்கிறது. எதை வாங்கலாம்? ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டலாமா? சேம்பர் சைலன்சர் போட ஆசை, போடலாமா?

பதில்: தம்பி, கல்லிடைக்குறிச்சி வண்டியைப் பேசுங்கள். ஆனால் 65,000-க்கு வேண்டாம். காகிதம் நேராக வழி இருக்கிறதா என்று தெரியும் முன்பும் வேண்டாம். அதுவரை யாரும் அந்தக் கிக்கரில் கால் வைக்கக் கூடாது என்று வாத்தியார் மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வண்டி பார்க்க வருகிற ஒவ்வொருவரும் 'சும்மா ஒரு மிதி' மிதித்துப் பார்ப்பதில்தான் இப்படி நிற்கிற வண்டிகளின் சிலிண்டர் பாழாகிறது.

நின்றுபோன வண்டியில் என்ன கெட்டிருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பிஸ்டன் ரிங் பிடித்திருக்கும், கிராங்க் பேரிங் துருவேறியிருக்கும், ஆயில் சீல் காய்ந்து விறைத்திருக்கும், டேங்குக்குள் துரு, கார்ப்பரேட்டரில் பிசின், வயரிங்கில் எலிப்பல். எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. புதுப் பெயிண்டும் குரோமுமாக நிற்கிற வண்டியில் இன்ஜினைப் பிரித்தார்களா, சும்மா கழுவி மாட்டினார்களா என்று வெளியிலிருந்து தெரியாது. இன்ஜின் வேலைக்கான பில், பிரித்தபோது எடுத்த படம், கழற்றிய பழைய பிஸ்டன், இதில் ஒன்றையாவது காட்ட முடியாத ஆளிடம் பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முதலில் காகிதம். வாத்தியார் பெயரில் இருக்கிற வண்டியை மகன் நேராக உங்களுக்கு மாற்றித் தர முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்துப் படிவம் 31-ல் முதலில் மகன் பெயருக்கு மாற வேண்டும். அதற்கப்புறம்தான் படிவம் 29, 30-ல் உங்கள் பெயருக்கு. 'அப்பா கையெழுத்துப் போட்ட படிவமே இருக்கு, தேதியை மட்டும் போட்டுக்கிடுங்க' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். இறந்தவர் கையெழுத்தில் நடந்த மாற்றம் என்றைக்காவது கிளறப்பட்டால் மாட்டுவது நீங்கள்.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். புத்தக ஆர்சி காலத்து வண்டிகள் பலதும் கணினியில் ஏறாமலே கிடக்கின்றன. இல்லையென்றால், பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் இதை பேக்லாக் என்பார்கள். இந்தப் படி தாண்டாமல் அடுத்த எதுவும் நகராது. ஆர்சியில் ஏதாவது பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்திய பைனான்ஸ் இப்போது இருக்கிறதா என்பதே ஒரு தேடலாகிவிடும், அதனால் அந்தப் பக்கத்தை மறக்காமல் புரட்டுங்கள். பதிவுப் புதுப்பிப்புக்குப் படிவம் 25. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பார்கள். 20 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. 'விண்டேஜ் நம்பர் வாங்கித் தருகிறேன்' என்று வருகிற புரோக்கரை நம்பாதீர்கள். 2021-ல் வந்த அந்த விதி, முதல் பதிவுக்கு 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான். ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு வந்ததே 1985-ல்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. புதுப்பிப்புக்கு வண்டியை ஓடுகிற நிலையில், ஹாரன், லைட், பிரேக் எல்லாம் வேலை செய்யக் காட்ட வேண்டும். அதாவது வண்டி மகன் பெயரில் இருக்கும்போதே உங்கள் காசைப் போட்டு இன்ஜின் வேலை முடிக்க வேண்டியிருக்கும். எனவே ஒரு சின்ன முன்பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுங்கள். படிவம் 31 முடித்துத் தருவது அவர் பொறுப்பு, அது முடிந்த அன்றைக்கு மீதிப் பணம், புதுப்பிப்புக்கும் பெயர் மாற்றத்துக்கும் வந்து நிற்பார் என்பது மூன்றும் அதில் இருக்கட்டும். வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். புதுப்பிக்காத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பக்கத்து ஊர் வரைக்கும்கூட ரோட்டில் இறக்க வேண்டாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மண்ணெண்ணெய் நனைத்த துணி, பென்சில், மெல்லிய தாள் கொண்டுபோங்கள். சேஸ் நம்பர் ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும். துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். நம்பர் இருக்கிற இடம் மட்டும் சுற்றியுள்ள இரும்பைவிடப் பள்ளமாகவோ அரம் போட்ட கோடுகளோடோ இருந்தால் வேண்டாம். ஆர்எக்ஸ் 100-க்கு சேஸ், இன்ஜின் நம்பர் இரண்டும் 1எல்1 என்று தொடங்கும். ஆர்சியில் 98 சிசி என்றிருக்க வேண்டும். 132 சிசி என்றிருந்தால் அது ஆர்எக்ஸ் 135-ன் குடும்பம். டேங்கையும் ஸ்டிக்கரையும் மாற்றி 100 என்று விற்பது நிறைய நடக்கிறது. பாளையங்கோட்டை வண்டியைப் பார்க்கப் போனாலும் இதுதான் முதல் சோதனை.

விலையைத் தீர்மானிப்பது இன்ஜின் நிலைமை இல்லை, எது எது கூடவே இருக்கிறது என்பதுதான். இன்ஜினை எப்படியும் முழுசாகப் பிரிக்கப் போகிறோம். ஆனால் ஒரிஜினல் டேங்க், இரண்டு சைடு கவர், சைலன்சர், மீட்டர், ஹெட்லைட் கிண்ணம், ஆயில் டேங்க், ஆயில் பம்ப், ஒரிஜினல் மிக்குனி கார்ப்பரேட்டர் இவை எல்லாம் வண்டியிலேயே இருக்கிறதா? டூப்ளிகேட் சைடு கவர் கடையில் கிடைக்கும், ஆனால் பூட்டு ஒரு பக்கம் இருக்க ஓட்டை ஒரு பக்கம் இருக்கும். சிலிண்டர் பிளாக் ஒரிஜினலா, அதன் மேல் ஏற்கெனவே எத்தனை போர் போட்டிருக்கிறது என்பதை ஹெட் கழற்றினால்தான் தெரியும். பிஸ்டன் தலையில் அளவு பொறித்திருக்கும். 25 என்றால் முதல் போர், 50 இரண்டாவது. 100 என்றிருந்தால் கடைசி, அதற்கு மேல் புது லைனர், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற இரும்புக் குழாய்தான் போட வேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பார்க்க மகன் சம்மதித்தால் விலை பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். உங்கள் கையிருப்பைப் பார்த்தால் வண்டிக்கு 50,000-க்கு மேல் போகாதீர்கள். மிச்சம் முழுக்க வேலைக்கே வேண்டும்.

இனி அந்த நாலு மிதி. கிக்கர் இறங்காமல் இருக்க இரண்டு காரணம் இருக்கலாம். ஓடும்போது சூட்டில் பிஸ்டன் ஜாம் ஆகி அப்படியே விட்டிருப்பார்கள். அல்லது நின்ற இடத்தில் ஈரம் ஏறி ரிங்கும் லைனரும் துருவால் ஒட்டியிருக்கும். லைனர் வார்ப்பிரும்பு. தொழுவின் ஈரமும் மாட்டு மூத்திரத்தின் காரமும் சேர்ந்த காற்று, திறந்து நின்ற எக்ஸாஸ்ட் வழியாக உள்ளே போயிருக்கும். அந்த நிலையில் மிதித்தால் துருவின் கூரான பொருக்கு லைனரில் கீறல் போடும். சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வருகிற போர்ட் ஓட்டையில் ரிங் மாட்டி முறியும். முறிந்த துண்டு பிஸ்டன் தலைக்கு மேலே போய் ஹெட்டையும் கொத்தும். முதல் போரில் முடிய வேண்டியது மூன்றாவது போருக்குப் போய்விடும்.

பிளக்கைக் கழற்றுங்கள். மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து 50 மில்லி பிளக் ஓட்டை வழியாக ஊற்றுங்கள். இன்னொரு 20 மில்லியை எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பிஸ்டன் ஓரத்தில் விடுங்கள். மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு மேக்னட்டு (கிராங்க் முனையில் இருக்கிற காந்தச் சக்கரம்) மூடியைக் கழற்றி, மேக்னட்டு நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும், மறுபடி எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். அசையவே இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்கு வெளியே ஹாட் ஏர் கன்னால் சூடேற்றி, பிஸ்டன் தலையில் தேக்குக் கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஃபின்னுக்கு அடியில் ஸ்குரூடிரைவர் கொடுத்து நெம்பாதீர்கள். ஃபின் உடைந்தால் ஒட்டாது.

இப்போது வண்டி விட்டுக்கொடுத்துவிட்டது, கிக்கர் இறங்குகிறது என்று வையுங்கள். உங்கள் மெக்கானிக் சொல்கிற மாதிரி ஒரு போர் மட்டும் போட்டு மாட்டினால் ஓடும். சில நூறு கிலோமீட்டர் நன்றாகவும் ஓடும். அப்புறம்தான் செலவு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராக மேலே போவதில்லை. முதலில் கீழே கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டு, பக்கவாட்டுப் போர்ட் வழியாக மேலே ஏறுகிறது. அதனால் கிராங்க் கேஸ் காற்றுப் புகாத பெட்டியாக இருக்க வேண்டும். கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற ஆயில் சீல்தான் அந்தப் பெட்டியின் கதவுகள். பத்து வருடம் காய்ந்த ரப்பர் இரண்டு நாள் ஓடியதும் உதடு பிய்ந்துவிடும். மேக்னட்டு பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறையும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் இறங்காமல் கத்தும். கடைசியில் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் உருகி ஜாம். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலைக் குடிக்கும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, கியர் பாக்ஸில் அளவு குறைந்துகொண்டே வரும்.

பேரிங் கதை அதைவிட மோசம். கிராங்க் கேஸின் அடியில் தேங்கிய ஈரம் பிக் எண்டின், அதாவது கனெக்டிங் ராடின் கீழ் முனையின், ஊசி உருளைகளில் சின்னச் சின்னப் புள்ளித் துருவாகப் பிடித்திருக்கும். அந்தப் புள்ளிகள் ஓட ஓடப் பள்ளமாகும், கூண்டு உடையும், உடைந்த தூள் கலவையோடு சேர்ந்து மேலே ஏறிப் புதுப் போரையும் புதுப் பிஸ்டனையும் அரைத்துவிடும். அடியைத் திறக்காமல் மேலே மட்டும் வேலை பார்த்த இன்ஜின்கள் இப்படித்தான் திரும்பி வருகின்றன. எனவே கிராங்க் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். இதில் பேரமே கிடையாது.

பிரிக்கும்போது மேக்னட்டுக்கும் கேஸுக்கும் அதற்கான புல்லர் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு கேஸ் பாதிகளுக்கு நடுவே ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் விழுகிற ஒரு கீறலே அடுத்த காற்றுக்கசிவு. மெயின் பேரிங் இரண்டும், கியர் பாக்ஸில் சத்தம் போடுகிற பேரிங்கும், எல்லா ஆயில் சீலும் புதிது. பேரிங் நல்ல கம்பெனியாக, கிராங்குக்குரிய சி3 இடைவெளி உள்ளதாக இருக்கட்டும். அந்த எழுத்து பேரிங் ஓரத்திலேயே பொறித்திருக்கும். கேஸை 100 டிகிரி வாக்கில் சூடாக்கிப் பேரிங்கை இறக்கினால் கையாலேயே உட்காரும், சுத்தியல் தேவையில்லை. கனெக்டிங் ராடின் மேல் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், அல்லது பிக் எண்டில் துருப்புள்ளி தெரிந்தால், ராடு கிட் மாற்ற வேண்டும். கிராங்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்துச் சேர்த்த பிறகு இரண்டு முனையிலும் டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்க்க வேண்டும். 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 'கண்ணாலேயே பார்த்து அடித்துவிடுவோம்' என்கிற லேத்தில் கொடுக்காதீர்கள். இந்த ஒரு வேலைக்காகத் திருநெல்வேலியோ மதுரையோ போக வேண்டியிருந்தாலும் போங்கள்.

போர் வேலையில் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டாண்டர்டு போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. ஒவ்வொரு போருக்கும் கால் மில்லிமீட்டர் கூடும். 50.25 என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் ஒன்றிரண்டு நூறில் வித்தியாசம் வரும். அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கு மேல் ஒன்றரை தவ், அதாவது 0.04 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டுப் போர் போட வேண்டும். இறுக்கமாக விட்டால் ரன்னிங்கிலேயே நாலு மூலையிலும் பிடிக்கும். தாராளமாக விட்டால் பிஸ்டன் லைனரைத் தட்டித் தட்டிச் சீக்கிரம் தேய்க்கும். முடிந்ததும் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது.

பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போகிற ஒரு வேலையைச் சொல்கிறேன், கவனித்துக் கேட்டு வாங்குங்கள். போர் போட்டதும் லைனரில் இருக்கிற போர்ட் ஓட்டைகளின் விளிம்பு பிளேடு மாதிரி கூராகிவிடும். உள்ளே விரலை விட்டுத் தடவினால் தோல் கிழியும். பிஸ்டன் ரிங் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்த விளிம்பைக் கடக்கிறது; போர்ட்டுக்கு நேரே வரும்போது ரிங் கொஞ்சம் வெளியே பிதுங்கும், விளிம்பு அதைக் கவ்வும். அதனால் ஒவ்வொரு போர்ட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சின்ன எமரிக் கல்லால் அரை மில்லிமீட்டருக்கு மழுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள், சோப்புக்கட்டி ஓரம் மாதிரி வழுக்க வேண்டும். பிறகு சிலிண்டரைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் அலசினால் ஹோனிங் கல்லின் தூள் போகாது, லைனரின் கீறல்களுக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளை வேட்டித் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும் கழுவுங்கள். உடனே ஆயில் தடவாவிட்டால் அன்றைக்கே துரு பிடிக்கும்.

மாட்டும்போது பிஸ்டன் தலையின் அம்பு எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் இரண்டும் பள்ளத்தில் இருக்கிற சின்னப் பின்னில் உட்கார வேண்டும். உட்காராமல் சிலிண்டரை அழுத்தினால் ரிங் முறியும். பின் சர்க்கிளிப் புதிதாக இருக்கட்டும், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். அடிப் பேக்கிங் ஒன்றுதான். இரண்டு போட்டால் போர்ட் திறக்கிற நேரமே மாறிவிடும். கேஸ் பாதிகளுக்கு நடுவே பெட்ரோல் தாங்குகிற பாண்ட் போட வேண்டும். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிடும்.

இன்ஜினை வண்டியில் ஏற்றும் முன் காற்றுச் சோதனை. இதைச் செய்யாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பிபி பார்க்கிற பழைய மெஷினின் டயலும் ரப்பர் பல்பும் இதற்குப் போதும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வைத்த தகட்டால் அடைத்து, ஆயில் பம்பிலிருந்து வருகிற மெல்லிய குழாயின் வாயையும் அடைத்துவிட்டு, பழைய பிளக்கின் உள்பகுதியைத் தட்டியெடுத்து அதில் டியூபை மாட்டிக் காற்றேற்றுங்கள். முள் 300-க்கு வந்தால் அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. ஐந்து நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைச் சீல், கேஸ் இணைப்பு, அடிப் பேக்கிங் என்று தடவிக்கொண்டே வாருங்கள், நுரை காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்து அடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

ரீட் வால்வு இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் சில்லு விட்டிருந்தாலோ இடைவெளி தெரிந்தாலோ மாற்றுங்கள். கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளைக்குத்தான் ஜெட் என்று பெயர்; அதில் பைலட் ஜெட்டின் ஊசித்துளை அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடியுங்கள். பிளக் குட்டைக் கழுத்து உள்ளதுதான். நீளக் கழுத்து போட்டால் பிஸ்டனில் இடிக்கும்.

ஆயில் பம்பைக் கழற்றவே கூடாது. ஆட்டோலூப் பம்ப் இன்ஜின் சுற்றையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்துப் பார்த்து ஆயில் விடுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டாலும் இன்ஜின் சுற்றுகிற வரைக்கும் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோலில் கலந்து ஓட்டினால் பெட்ரோல் நின்ற இடத்தில் ஆயிலும் நிற்கும். கோட்டைவாசலிலிருந்து புளியரை எஸ் வளைவுக்குக் கியரில் விட்டு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும், சக்கரம் இன்ஜினைச் சுற்றும், பிஸ்டனுக்கு எண்ணெய் போகாது. பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போடுகிற பல வண்டிகளில் கெட்டிருப்பது பம்ப் இல்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும், அல்லது கேபிள் குறி சரியில்லாமல் இருக்கும்.

பம்பைச் சரிபார்ப்பது இப்படி: ஆயில் டேங்கைக் கழுவிப் புது 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றுங்கள், ஜாசோ என்கிற ஜப்பானிய ஆயில் தரத்தில் எஃப்சி அல்லது எஃப்டி என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். குழாய் எல்லாம் புதிது. பம்பின் பிளீட் ஸ்குரூவைத் திறந்து குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை விடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த பெட்ரோல் இருக்கட்டும். ஐடிலிங்கில் ஓடும்போது பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுசாக இழுத்து இரண்டு நிமிடம் பிடித்தால் குழாயில் மிச்சமிருக்கிற காற்றும் வெளியேறும். ஆக்ஸிலேட்டர் கேபிளின் தளர்வு போன அந்த இடத்தில் பம்ப் சக்கரத்தின் குறி பின்னுக்கு நேரே நிற்க வேண்டும். பம்ப் உண்மையிலேயே தேய்ந்து வேறு கிடைக்காவிட்டால் மட்டும் லிட்டருக்கு 25 மில்லி கலந்து ஓட்டுங்கள். 'கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது' என்று 50, 60 மில்லி ஊற்றாதீர்கள். ஆயில் பிடித்த இடம் போக ஜெட் வழியாகப் போகிற பெட்ரோல் குறையும், கலவை வறளும், சைலன்சர் கரியும் அடைக்கும்.

பெட்ரோல் விஷயம் முன்போல் இல்லை. பங்கில் இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி மூன்று வாரம் நின்றால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஓட்டாத நாட்களில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பழைய ரப்பர் குழாயும் நீடில் நுனியும் எத்தனாலில் ஊறி உப்பும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். கலவையும் சற்று வறண்டு போவதால் பிளக்கைப் பார்த்து மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டியிருக்கலாம். பிளக் வாய் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் ஓட்டாதீர்கள், காற்றுக்கசிவா ஜெட்டா என்று பாருங்கள்.

டேங்க் துருவுக்கு லிட்டருக்கு 70 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துக் கழுத்து வரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். கொட்டிவிட்டுச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, சூடான காற்றடித்துக் காயவைத்து, உடனே பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். ஓட்டை இருந்தால் இப்போதே தெரியும். இது முடியும் முன் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. பெயிண்ட், குரோம், ஸ்டிக்கர் எல்லாம் வண்டி 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டயர் முன்னே 2.50-18, பின்னே 2.75-18 இரண்டும் புதிதாக வேண்டும். பத்து வருட டயரில் பட்டன் இருந்தாலும் ஓரம் வெடித்திருக்கும். பிரேக் ஷூவின் லைனிங் தகட்டிலிருந்து கழன்றிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

ரன்னிங் இன் 500 கிலோமீட்டர். 50-க்கு மேல் போகாமல், ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் திருகாமல், பின்னால் ஆள் ஏற்றாமல். ஊர் ஊராக நின்று போகிற உங்கள் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை ரோடு இதற்கு நல்ல ரோடு. வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவில் போகிற நாலுவழிச்சாலை வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடியிலேயே நெஞ்சில் அடிக்கும். மீட்டரில் அதே 50 காட்டினாலும் இன்ஜின் இழுக்கிற பாரம் 70-க்கு உள்ளது. ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்குச் சாரல் காலத்தில் போனாலும் அப்படித்தான். புது பிஸ்டன் பிடிப்பது பெரும்பாலும் இப்படி எதிர்காற்றில் ஒரே திருகலில் போகும்போதுதான்.

பிடிப்பதற்கு முன் இன்ஜின் சத்தம் மழுங்கும், காரணமில்லாமல் வேகம் குறையும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்துவிடுங்கள், அப்புறம் ஓரம் கட்டுங்கள். அரை மணி ஆறவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். பிஸ்டனைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தால், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வறண்ட கலவை அல்லது காற்றுக்கசிவு; நாலு மூலையிலும் தேய்ந்திருந்தால் போர் இறுக்கம், அல்லது ஆறின இன்ஜினைச் சூடாக்காமல் முறுக்கியிருக்கிறீர்கள். முதல் 200 கிலோமீட்டரில் ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக ஒருமுறை முடுக்கி, கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

சேம்பர் போடாதீர்கள். ஆர்எக்ஸ்ஸின் ஒரிஜினல் சைலன்சர், உள்ளிருந்து திரும்பி வருகிற அழுத்த அலையால் சிலிண்டருக்குள் கலவையைத் தக்கவைக்கிற மாதிரி அளவெடுத்துச் செய்தது. கடையில் கிடைக்கிற சேம்பர் வேறு அளவு. அதற்கு ஜெட், டைமிங் எல்லாம் மாற்றாமல் போட்டால் மேலே இழுக்கிற மாதிரி தெரியும், கலவை வறண்டு பிஸ்டன் போகும். சத்தத்துக்கு அபராதமும் உண்டு, எஃப்சியிலும் நிறுத்துவார்கள். ஒரிஜினல் சைலன்சர் இழுக்காமல் திணறுகிறது என்றால் அடைத்திருப்பது கரி. பின்னாலிருக்கிற பேஃபிள் குழாயைக் கழற்றிச் சூடாக்கிக் கரியைத் தட்டுங்கள். உடம்புப் பகுதிக்குள் காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி ஓர் இரவு வைத்துவிட்டு நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கரைசல் அலுமினியத்தை அரித்துவிடும், அதனால் இன்ஜின் பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.